டெல்டாலேர்ந்து நேபாளம்: பெண்களுக்காக வேலை பாக்குற சின்ன அமைப்புல இன்டர்ன்ஷிப் போறது எப்படி, முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) படிக்கிற பசங்க பொண்ணுங்க நெறைய பேர் "அக்கா, வெளிநாட்டுல ஏதாவது பெண்கள் அமைப்புல இன்டர்ன்ஷிப் போகணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது"னு கேக்குறாங்க. நான் நேபாளத்துல அப்படி ஒரு அமைப்புல இருந்துட்டு வந்தவ, அதுக்கப்பறம் இங்கேர்ந்து கெளம்பறவங்களுக்கு பேப்பர் வேலைல கூட நிக்கிறவ. வர்றவங்க தடுக்கி விழற எடம் பெரும்பாலும் ஒண்ணுதான், வரிசை. டிக்கெட் மலிவா கெடைக்குதுனு மொதல்ல அத போட்டுடறாங்க, அப்பறம் அமைப்பு தேடறாங்க, அதுக்கப்பறம் பாஸ்போர்ட்டுல பேரு இடிக்குதுனு ஓடறாங்க. நாத்து விடாம நடவுக்கு ஆள் கூப்பிட்ட கதைதான்.

அதனால கீழ இருக்கற வரிசைய மாத்தாதீங்க. கையில ஆறு மாசமாவது வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. 18 வயசு முடியாதவங்களுக்கு இது இல்ல.

1. மொதல்ல நம்ம ஊர்ல மூணு மாசம்

வெளிநாடு போறதுக்கு முன்ன உங்க ஊர் மகளிர் குழு மீட்டிங்ல போய் ஒக்காருங்க. போட்டோ எடுக்க இல்ல. தீர்மான நோட்டு எழுதறது, சேமிப்பு பதிவு, உள்கடன் லெட்ஜர், இதெல்லாம் உங்க கையால எழுதிப் பாக்கணும். ஊக்குநர் அக்காகிட்ட பக்குவமா கேட்டா விடுவாங்க. அவங்க பேங்க்குக்கு போற அன்னிக்கும் கூட போங்க, மேனேஜர் ரூம் வாசல்ல எவ்ளோ நேரம் நிக்க வக்கிறாங்கன்னு பாக்கறதே ஒரு பாடம்.

இது ஏன் மொத வேலைன்னா, நேபாள கிராமத்துலயும் பாதி வேலை அம்மாக்கள் குழு, சேமிப்பு குழு, கூட்டுறவு சங்கம் இதுங்கள சுத்திதான் நடக்குது. இங்க ஒரு குழு எப்படி ஒடையுது, வாரத் தவணைக்காரன் வாசல்ல வந்து நின்னா ஒரு வீட்ல என்ன நடக்குதுன்னு பாத்தவங்களுக்கு அங்க ஒக்காந்தா ஒடனே பிடிபடும். கடன் தொல்லை அங்கயும் இதேதான். நம்ம நாட்டு எல்லைய ஒட்டின தெராய் சமவெளில மீட்டர் வட்டில மாட்டினவங்க 2023ல காத்மாண்டு வரைக்கும் நடந்தே போய் போராட்டம் பண்ணாங்க.

நிலம் பத்தி தெரிஞ்சுக்க ஆசைன்னா டெல்டாவ விட நல்ல எடம் கெடையாது. நாகை மாவட்டத்துல கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவங்க கணவரும் 1981ல ஆரம்பிச்ச லாஃப்டி, நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கி அத பொம்பளைங்க பேர்ல பதிஞ்சு குடுத்த அமைப்பு. அப்படி பட்டா வாங்கின ஒரு பாட்டிகிட்ட அரை நாள் பேசிட்டு போங்க. நேபாளத்துல பொம்பளை பேர்ல நிலம் பதிஞ்சா ரெஜிஸ்ட்ரேஷன் வரில தள்ளுபடி உண்டு, நம்ம தமிழ்நாட்டுலயும் 2025 ஏப்ரல்லேர்ந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்கு ஒரு சதவீதம் கொறைச்சிருக்காங்க. பேர் மட்டும் பொண்டாட்டி பேரு, சாவி புருஷன்கிட்டயா, இல்ல உண்மையிலயே அவ கையிலயான்னு ரெண்டு ஊர்லயும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணேதான்.

இந்த படிய தாண்டிக் குதிக்கறவங்கதான் ஜாஸ்தி. அங்க போனதும் "நான் என்ன பண்ணட்டும்"னு கேட்டு நிக்கறதும் அவங்கதான்.

2. கையில ஒரு வேலை இருக்கணும்

"எனக்கு பெண்கள் முன்னேற்றத்துல ஆர்வம்"னா எந்த அமைப்புக்கும் ஒண்ணும் புரியாது. ஆர்வம் அவங்ககிட்டயே நெறைய இருக்கு, ஆள்தான் இல்ல. கணக்கு எழுதறது, எக்செல்ல ரிப்போர்ட் போடறது, கோபோ டூல்பாக்ஸ்ல சர்வே ஃபாரம் ரெடி பண்றது, தையல், போஸ்டர் டிசைன், இதுல ஏதாவது ஒண்ணு யாரும் பக்கத்துல நிக்காம நீங்களே முடிக்கிற அளவுக்கு தெரிஞ்சிருக்கணும்.

கோபோவ நான் எல்லாருக்கும் சொல்வேன். ஃப்ரீ, போன்லயே ஓடும், நெட் இல்லாத கிராமத்துலயும் பதிஞ்சுட்டு அப்பறம் அனுப்பலாம். உங்க குழுலயே இருபது வீட்டுக்கு ஒரு சின்ன சர்வே எடுத்துப் பாருங்க. கேள்விய சுத்தி வளைச்சு எழுதினா பதில் எப்படி கோணலா வருதுன்னு அப்பதான் தெரியும்.

கூடவே தேவநாகரி எழுத்து படிக்க கத்துக்குங்க. நம்ம பசங்களுக்கு இந்தி தெரியாது, அதனால பஸ் போர்டு கூட படிக்க முடியாம முழிக்கறாங்க. எழுத்துக்கு ஒரு மாசம் போதும். பேச்சு, யூட்யூப்ல நேபாளி பாடம் பாத்து ஒரு நூறு வார்த்தை. பெரியவங்களுக்கு "தபாய்", அக்காவுக்கு "தீதி", தங்கச்சிக்கு "பைனி", இந்த மரியாதை நம்ம வீட்டுப் பழக்கம்தான், சட்டுனு ஒட்டிக்கும்.

3. எந்த நாடு

மொத தடவைன்னா நேபாளம்னு நான் சொல்றதுக்கு காரணம் விசா. இந்தியர்களுக்கு அங்க விசாவே தேவையில்ல, 1950ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தம். செலவும் கம்மி, ஏதாவது ஆனா ரெண்டு நாள்ல வீடு வந்து சேரலாம்.

இலங்கை நமக்கு கிட்ட, நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல கப்பல் விட்டாங்க, நடுநடுவுல நின்னு நின்னு ஓடுது. யாழ்ப்பாணம் பக்கம் தமிழ்லயே வேலை பாக்கலாம்ங்கறது பெரிய வசதி. ஆனா டூரிஸ்ட் விசால போய் ஒரு அமைப்புல வேலை பாக்கக்கூடாது, சம்பளம் இல்லாத வேலையா இருந்தாலும் கூடாது. அதுக்கு அந்த அமைப்பே தனி விசாவுக்கு ஏற்பாடு பண்ணணும். "சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லிடு"னு எந்த அமைப்பாவது சொன்னா அங்கயே பேச்ச முடிச்சிடுங்க, மாட்டினா நீங்கதான் மாட்டுவீங்க, அவங்க இல்ல.

கென்யா மாதிரி ஆப்பிரிக்க நாடுன்னா மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, பயணத்துக்கு பத்து நாளைக்கு முன்னாடியாவது போட்டு அட்டை வாங்கணும், அது இல்லாம திரும்பி வந்தா இங்க ஏர்போர்ட்லயே தனிமைல வச்சிடுவாங்க. கென்யாவ ரெண்டாவது தடவைக்கு வச்சுக்கலாம்.

இனிமே எல்லாம் நேபாளத்த வச்சே சொல்றேன்.

4. மாசத்த பாத்துதான் அமைப்புக்கு எழுதணும்

நம்ம செமஸ்டர் லீவுக்கு அவங்க வேலை வளையாது. ஜூன் நடுவுலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழை, மலை ரோட்ல மண் சரிவு, கிராமத்துக்கு போகவே முடியாத நாள் வரும். ஜூலை நடுவுல அவங்க நிதியாண்டு முடியுது, அதுக்கு முன்ன ஒரு மாசம் எல்லாரும் ரிப்போர்ட்டும் பில்லும்தான், உங்களுக்கு சொல்லிக் குடுக்க ஆள் இருக்காது. செப்டம்பர் அக்டோபர்ல தசைன், அப்பறம் திஹார்னு ரெண்டு பெரிய பண்டிகை, ஆபீஸ் பூட்டிட்டு எல்லாரும் சொந்த ஊருக்கு போயிடுவாங்க.

நல்ல மாசம்னா பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும், இல்லாட்டி நவம்பர் டிசம்பர். பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களோட வேலைன்னா இன்னொண்ணும் பாக்கணும், அவங்க கல்வியாண்டு நம்ம சித்திரை ஒண்ணு சமயத்துல, வைசாகத்துல தொடங்குது, அதுக்கு முன்ன பரிட்சை. காலேஜ்ல ஃபீல்டு ஒர்க் தேதிய மாத்த முடியுமான்னு மொதல்லயே துறைத்தலைவர்கிட்ட கேட்டுடுங்க.

5. அமைப்ப தேடறது, சோதிக்கிறது

அதிக நேரம் போக வேண்டியது இங்கதான்.

தேடறப்ப பெரிய வெப்சைட்ல "வாலண்டியர் நேபாள்"னு அடிச்சா வர்றது பாதி ஏஜென்சி. அவங்க உங்ககிட்ட வாங்கறதுல கிராமத்துக்கு எவ்ளோ போகுதுன்னு கேளுங்க, பதில் வராது. அதுக்கு பதிலா உங்க துறைல யாராவது நேபாளத்துல கருத்தரங்குக்கு போயிருக்காங்களா, இங்க நீங்க வேலை பாத்த அமைப்புக்கு அங்க தொடர்பு இருக்கா, அந்த வழில போங்க. ஆள் மூலமா வந்த பேருக்கு ஒரு பொறுப்பு இருக்கும்.

பேர் கெடைச்சதும் பதிவ பாக்கணும். அங்க சின்ன அமைப்பு எல்லாம் மாவட்ட நிர்வாக ஆபீஸ்ல பதிஞ்சிருக்கணும், வெளிநாட்டு பணம் வாங்கறதுன்னா காத்மாண்டுல இருக்கற சமூக நல கவுன்சில்ல சேர்ந்திருக்கணும். ரெண்டோட சான்றிதழும் ஸ்கேன் கேளுங்க, புதுப்பிச்ச தேதியும் பாருங்க. தேதி 2081, 2082னு இருக்கும், பயப்படாதீங்க, அது விக்ரம் சம்வத் ஆண்டு, நம்ம ஆங்கில வருஷத்த விட 56, 57 கூட இருக்கும்.

பேப்பர் சரியா இருந்தா மட்டும் போதாது. அந்த ஊர் வார்டு உறுப்பினர் யார்கிட்டயாவது பேச முடியுதான்னு பாருங்க. அங்க ஒவ்வொரு வார்டு கமிட்டிலயும் ரெண்டு பெண் உறுப்பினர் கட்டாயம், அதுல ஒருத்தர் தலித் பெண். அமைப்பு நெஜமா ஊருக்குள்ள வேலை பாக்குதுன்னா அவங்களுக்கு தெரியாம இருக்காது. அமைப்புகிட்டயே "வார்டு அக்காகிட்ட ஒரு போன் போட்டு குடுங்க"னு கேளுங்க, தயங்காம குடுத்தா நல்ல சகுனம்.

அப்பறம் வீடியோ கால்ல கேக்க வேண்டியது. முடிவெடுக்கறது யாரு, நிர்வாகக் குழுல அந்த ஊர் பொம்பளைங்க எத்தன பேரு? போன வருஷம் வந்த இன்டர்ன் யாரு, அவங்க நம்பர் கெடைக்குமா? பிள்ளைங்க பாதுகாப்பு கொள்கை எழுத்துல இருக்கா? எனக்கு மேல யாரு, அவங்க ஆம்பளைன்னா எனக்கு ஒரு பிரச்சனைன்னா பேச பெண் யாராவது இருக்காங்களா? தங்கறது எங்க, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா? கடைசி கேள்விக்கு சிரிப்பாங்க, பரவால்ல கேளுங்க.

ஒதுங்க வேண்டிய அடையாளம் சிலது சொல்றேன். இன்டர்வியூவே இல்லாம "நாளைக்கே வாங்க"னு சொல்றது. பணம் கேட்டு அதுக்கு கணக்கு பிரிச்சு தராதது. அமைப்பு சின்னதுதான, தங்க சாப்பிட காசு கேக்கறது ஞாயம், ஆனா அரிசிக்கு எவ்ளோ ரூமுக்கு எவ்ளோன்னு எழுதித் தரணும். ஃபேஸ்புக் பக்கம் முழுக்க முகம் தெரியற மாதிரி சின்ன பொண்ணுங்க போட்டோவும் கீழ அவளோட சோகக் கதையும் இருந்தா அங்க போகாதீங்க, நாளைக்கு உங்க கையிலயும் கேமராவ குடுப்பாங்க.

"அனாதை இல்லம்"ங்கற போர்டு கண்டிப்பா வேணாம். நேபாளத்துல அப்படி இல்லங்கள்ல இருக்கற பெரும்பாலான பிள்ளைங்களுக்கு பெத்தவங்க உயிரோட இருக்காங்க, படிக்க வக்கிறோம்னு சொல்லி கிராமத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தது. வாலண்டியர் வர்ற வர, பணம் வர்ற வர, பிள்ளைங்க தேவைப்படும். அந்த இல்லம் டூரிஸ்ட் அதிகம் வர்ற ஊர்ல இருந்தா இன்னும் ஜாக்கிரத.

6. மெயில் எழுதறது

சுருக்கமா எழுதுங்க. நீங்க யாரு, இங்க எந்த குழுல என்ன பாத்தீங்க, என்ன வேலை தனியா செய்ய முடியும், எந்த தேதிலேர்ந்து எந்த தேதி, செலவு நீங்களே பாத்துக்குறீங்களா. அவ்ளோதான். உலகத்த மாத்தற வசனம் வேணாம்.

காலேஜ் லெட்டர்ஹெட்ல துறைத்தலைவர் கடிதம் ஒண்ணு சேருங்க. பதில் வர ரெண்டு வாரம் ஆகும், ஏன்னா அங்க பல அமைப்புல மெயில் பாக்கறது ஒரே ஒரு ஆள், அவங்களே ஃபீல்டுக்கும் போவாங்க. ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல தொந்தரவு பண்ணாதீங்க, வாட்ஸப்ல கேட்டா சில சமயம் சீக்கிரம் நடக்கும்.

7. பேசினத எழுத்துல வாங்கறது

சரின்னு சொன்னதும் சந்தோஷத்துல டிக்கெட் போடாதீங்க. ஒரு பக்க கடிதம் வாங்குங்க. என்ன வேலை, வாரத்துல எத்தன நாள், மேற்பார்வை யாரு, தங்கற எடம், செலவு யாரோடது, புகார் சொல்ல யாரு, போட்டோவும் தகவலும் வெளிய போடறதுக்கு என்ன விதி, நடுவுல கெளம்பணும்னா என்ன பண்றது. அவங்களே எழுத நேரமில்லன்னா நீங்க டைப் பண்ணி அனுப்பி கையெழுத்தும் முத்திரையும் கேளுங்க.

இது அவநம்பிக்கைல வாங்கறது இல்ல. போனதுக்கப்பறம் "எங்க டைரக்டர் பசங்களுக்கு டியூஷன் எடு"னு ஆரம்பிச்சா காட்டறதுக்கு ஒரு பேப்பர் வேணும். வீட்ல காட்டவும் இதான் ஒதவும்.

8. ஆவணம், முக்கியமா பேரு

நேபாளத்துக்கு பாஸ்போர்ட், இல்லாட்டி வாக்காளர் அட்டை, ரெண்டுல ஒண்ணு போதும். ஆதார் செல்லாது. ஏர்போர்ட் கவுன்ட்டர்ல ஆதார நீட்டிட்டு நிக்கறவங்கள இன்னமும் பாக்குறேன், 15 வயசுக்கு மேல 65க்குள்ள இருக்கறவங்களுக்கு அது பயண ஆவணமே இல்ல.

இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துடுங்க. நம்ம மாவட்டமெல்லாம் திருச்சி ஆபீஸ்க்கு கீழ வருது, தஞ்சாவூர்லயே சேவா கேந்திரா இருக்கு. சாதாரண கட்டணம் 1500, தட்கல்னா மேல 2000. ஹாஸ்டல்ல தங்கிட்டு ஹாஸ்டல் முகவரிய குடுத்துட்டு லீவுக்கு ஊருக்கு வந்துடுவாங்க, போலீஸ் அங்க போய் ஆள் இல்லன்னு எழுதிட்டு போயிடும். எங்க இருக்கப் போறீங்களோ அந்த முகவரிய குடுங்க.

பேரு விஷயம் தனியா சொல்லணும். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பேரு கெடையாது. மார்க்‌ஷீட்ல இனிஷியல் பின்னால, ஆதார்ல முன்னால, பேங்க்ல அப்பா பேரு முழுசா, இப்படி மூணு விதமா இருக்கும். மொதல்ல எல்லாத்தயும் ஒரே மாதிரி ஆக்கிட்டு அப்பறம் பாஸ்போர்ட்டுக்கு போங்க. பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு கட்டத்த காலியா விடலாம், ஆனா டிக்கெட் போடற சைட்டு காலியா விடாது, ஒவ்வொரு ஏர்லைன்ஸும் ஒரு மாதிரி நிரப்ப சொல்லும். கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி கேட்டுட்டு போடுங்க. நீங்க காட்டப் போற பாஸ்போர்ட்ல, இல்லாட்டி வாக்காளர் அட்டைல இருக்கற பேரும் டிக்கெட்ல இருக்கற பேரும் ஒத்துப் போகணும்.

பொண்ணுங்க, பிள்ளைங்களோட வேலைன்னா நல்ல அமைப்பு போலீஸ் நற்சான்று கேக்கும், பாஸ்போர்ட் சைட்லயே 500 ரூபா கட்டி வாங்கலாம். கேக்காட்டியும் கொண்டு போங்க.

9. வீட்ல பேசறது

இத கடைசில வச்சுக்கறாங்க, அது தப்பு. அம்மாவுக்கு தெரியாம எல்லாம் முடிச்சுட்டு டிக்கெட்டோட வந்து நின்னா பெரியப்பாலேர்ந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் கருத்து சொல்லும். அமைப்பு கடிதம் கைக்கு வந்ததும் ஒக்காந்து பேசுங்க.

அங்க இருக்கற மேற்பார்வை அக்காவ வீடியோ கால்ல அம்மாகிட்ட பேச வைங்க, பாஷை புரியாட்டியும் பரவால்ல, மொகத்த பாத்தாலே பாதி பயம் போயிடும். வாரத்துல எந்த நாள் எந்த நேரம் கூப்பிடுவேன்னு முன்னாடியே சொல்லிடுங்க, தெனமும் கூப்பிடறேன்னு வாக்கு குடுத்துட்டு மலைல டவர் இல்லாம போனா வீட்ல யாரும் தூங்க மாட்டாங்க. நடவு, அறுப்பு சமயத்துல உங்க கை வீட்டுக்கு தேவைன்னா அதயும் கணக்குல எடுத்துக்குங்க, ஜனவரில சம்பா அறுவடைய விட்டுட்டு கெளம்பினா யாரா இருந்தாலும் கோவம் வரும்.

10. பணம்

நம்ம 100 ரூபா அங்க 160, இது மாறாம நிக்கற கணக்கு. கடைல வெல கேட்டா "ஐசியா என்சியா"னு ஒரு தடவ கேட்டுக்குங்க, இந்தியக் காசா நேபாளக் காசாங்கறதுதான் அது. கேக்காம குடுத்தா ஒண்ணரை மடங்குக்கு மேல போயிடும்.

கையில 100 ரூபா நோட்டா கொண்டு போங்க. பெரிய நோட்டு பத்தின விதி மாறிக்கிட்டே இருக்கு, கடைக்காரரும் 500 நோட்ட பாத்தா தயங்குவாரு. டவுன்ல சில கடைல நம்ம யுபிஐ ஓடுது, கிராமத்துல நம்பாதீங்க. கார்டுல வெளிநாட்டு உபயோகத்த ஆன் பண்ணிடுங்க, நம்ம சிம்லயும் ரோமிங் போட்டுட்டு போங்க, இல்லன்னா பேங்க் ஓடிபி வராது, பணம் இருந்தும் எடுக்க முடியாது. இது நெறைய பேருக்கு நடக்குது.

அமைப்பு பேர சொல்லி உங்க சொந்த ஜிபேல நன்கொட வசூல் பண்ணாதீங்க. நல்ல மனசுலதான் ஆரம்பிப்பாங்க, அப்பறம் கணக்கு கேட்டா தலவலி. குடுக்கறவங்கள நேரா அமைப்பு கணக்குக்கு அனுப்ப சொல்லுங்க.

11. உடம்பு, இன்ஷூரன்ஸ், டிக்கெட்

டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, டெட்டனஸ் இதெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. தெராய்ல மூளைக்காய்ச்சல் கொசு உண்டு, கொசுவலை அவசியம். தெருநாய் கடிச்சா அன்னிக்கே ஊசி.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கறப்ப மலை உயரத்துக்கு வரம்பு இருக்கான்னு படிச்சுப் பாருங்க. நாப்கின், மாதவிடாய் கப் எது பழக்கமோ அத முழுசா எடுத்துட்டு போயிடுங்க, மேற்கு மலைல கடைல கெடைக்கும்னு நம்பக்கூடாது.

இப்பதான் டிக்கெட். ப்ளேன்னா திருச்சிலேர்ந்து டெல்லி, அங்கேர்ந்து காத்மாண்டு. காசு கம்மின்னா ரயில்ல கோரக்பூர், அங்கேர்ந்து பஸ்ல சோனவ்லி, எல்லைய நடந்தே தாண்டலாம். பகல்ல தாண்டற மாதிரி திட்டம் போடுங்க. மலை ரோட்ல ராத்திரி பஸ் எந்தக் காரணத்துக்கும் ஏறாதீங்க, ஒரு நாள் ரூம் காசு போனா போகட்டும்.

12. போன மொத ரெண்டு வாரம்

வேலை செய்யாதீங்கன்னே சொல்லலாம். கூட போங்க, ஒக்காருங்க, டீ குடிங்க, காலைல பத்து மணிக்கே சோறு போடுவாங்க சாப்பிடுங்க. நெல் வயலும் பருப்பு சோறும் பாத்தா தெராய் ஊர்ல நம்ம டெல்டா ஆளுங்களுக்கு அந்நியமாவே இருக்காது. அதுதான் ஆபத்தும், எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும்.

மணி நம்மள விட 15 நிமிஷம் முன்னாடி. போன் தானா மாறலன்னா மொத மீட்டிங்குக்கே லேட்டு. சனிக்கிழமை லீவு நாள், ஞாயித்துக்கிழமை வேலையான்னு கேட்டுக்குங்க.

சர்வே எடுத்தா வயசுல கவனம். "2066ல பொறந்தேன்"னு சொன்னா அதுலேர்ந்து 57 கழிக்கணும், மாசத்த பொறுத்து 56. இத மாத்தி எழுதினா ஒரு வயசு இடிக்கும், கல்யாண வயசு பத்தின சர்வேல ஒரு வயசு பெரிய விஷயம். அங்க சட்டப்படி ஆணுக்கும் பொண்ணுக்கும் கல்யாண வயசு 20.

தூர மேற்கு பக்கம் போறவங்க சௌபடி பத்தி படிச்சுட்டு போவாங்க, மாதவிடாய் நாள்ல பொண்ணுங்கள தனிக் குடிசைல படுக்க வக்கிறது. 2005லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017ல கொண்டு வந்த சட்டத்துல மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 3000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும், அப்படியும் முழுசா ஒழியல. அத பாத்ததும் மொகத்த சுளிச்சு பாடம் எடுக்க ஆரம்பிக்காதீங்க. நம்ம வீட்ல இன்னும் தனித் தட்டு, தனிப் பாய், சாமி ரூம் பக்கம் போகாதன்னு எத்தன வீட்ல இருக்கு. "எங்க ஊர்லயும் இப்படித்தான், எங்க பாட்டி இன்னமும் கேக்க மாட்டாங்க"னு சொன்னா அவங்க வாய் தெறக்கும். தீர்வு சொல்ல வேண்டியது அந்த ஊர் பொம்பளைங்க.

போட்டோ வேணாம், மொத ரெண்டு வாரம் கண்டிப்பா வேணாம். அதுக்கப்பறமும் அமைப்பு விதிப்படி, கேட்டு, என்னத்துக்குன்னு சொல்லி எடுக்கணும்.

13. ஒரு பொண்ணு உங்ககிட்ட ரகசியம் சொன்னா

கண்டிப்பா நடக்கும். வெளியூர்க்காரி, நாளைக்கு போயிடுவா, அதனாலயே உங்ககிட்ட சொல்லுவாங்க. வீட்ல அடி, கட்டாயக் கல்யாணம், வேலைக்குன்னு கூட்டிட்டு போக ஒரு மாமா வர்றாருனு.

அப்ப செய்ய வேண்டியது, பொறுமையா கேக்கறது. துருவித் துருவி கேள்வி வேணாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணவே கூடாது, ஏன்னா அமைப்புல பாதுகாப்பு பொறுப்புல இருக்கறவங்ககிட்ட அன்னிக்கே சொல்லியாகணும், அதயும் அந்த பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. நீங்களே அவ வீட்டுக்கு போய் அப்பாகிட்ட ஞாயம் கேக்கறது சினிமால நல்லா இருக்கும், நெஜத்துல அன்னிக்கு ராத்திரி அடி வாங்கறது அவ.

குழந்தைங்களுக்கு அங்கயும் 1098தான், பெண்களுக்கு தேசிய மகளிர் ஆணையத்தோட 1145, போலீஸ் 100. போன்ல மொத நாளே பதிஞ்சுக்குங்க. பேரு, ஊரு தெரியற மாதிரி எதயும் உங்க டைரிலயோ வாட்ஸப் குரூப்லயோ எழுதாதீங்க.

உங்களுக்கே யாராவது தொல்லை குடுத்தா ஏழாவது படில கடிதத்துல எழுதி வாங்கின ஆள்கிட்ட சொல்லுங்க, அதே நேரம் காலேஜ் துறைத்தலைவருக்கும் எழுத்துல அனுப்புங்க. கேக்கலன்னா கெளம்பி வந்துடுங்க. சான்றிதழ் போனா போகுது.

14. திரும்பறதுக்கு முன்ன

கடைசி ரெண்டு வாரம் புதுசா எதயும் ஆரம்பிக்காதீங்க. நீங்க செஞ்ச எக்செல், ஃபாரம், பாஸ்வேர்டு எல்லாத்தயும் அங்க இருக்கற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சு, அவங்க கையால ஒரு தடவ செய்ய வச்சு பாருங்க. உங்க லேப்டாப்ல மட்டும் இருந்தா பஸ் ஏறின அன்னிக்கே அந்த வேலை செத்துடும்.

குழு பொண்ணுங்களுக்கு "திரும்ப வருவேன்"னு வாக்கு குடுக்காதீங்க, வர முடியுமான்னு உங்களுக்கே தெரியாது. உங்ககிட்ட இருக்கற தகவல்ல பேரு உள்ளத அமைப்புகிட்ட குடுத்துட்டு போன்லேர்ந்து அழிச்சிடுங்க. காலேஜுக்கு குடுக்கற ரிப்போர்ட்ட மொதல்ல அமைப்புக்கு அனுப்பி, அவங்க எடுக்க சொன்னத எடுத்துட்டு அப்பறம் சமர்ப்பிங்க.

அடுத்து வர்ற இன்டர்னுக்கு ரெண்டு பக்கத்துல குறிப்பு எழுதி வச்சுட்டு வாங்க. எந்த பஸ், எந்த கடைல சிம், அதுக்கு எத்தன பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கரன்ட் போனா என்ன பண்றது, எந்த அக்கா வீட்ல வெந்நீர் கெடைக்கும், எந்த மீட்டிங் உண்மையிலயே எத்தன மணிக்கு ஆரம்பிக்கும், இந்த மாதிரி விஷயம்தான் அதுல இருக்கணும்.